போதைப் பழக்கமும் 'உட்தா பஞ்சாப்' திரைப்படமும்: ஓர் ஆய்வு

நமது அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு, மக்களின் ஊட்டச்சத்து நிலையையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்துவதும் பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதும் அரசின் முதன்மையான கடமைகள் எனக் கூறுகிறது. மருத்துவத் தேவைக்கன்றி மதுவும் உடல் நலத்திற்குக் கேடு விளைவிக்கும் போதைப் பொருட்களும் பயன்படுத்தப்படுவதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்றும் அதே பிரிவு பணிக்கிறது. போதைப் பிரச்சினையைக் குற்றங்களின் வரிசையில் வைக்காமல், உணவு, உடல் நலம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றின் வரிசையில் வைத்த அரசியல் சட்டச் சிற்பிகளின் நோக்கு ஆழ்ந்து எண்ணத்தக்கது. நடைமுறையில் நாம் அந்த நோக்கிற்கு எவ்வளவு தூரம் உண்மையாக இருந்திருக்கிறோம் என்பதே இன்றைய கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேட ஒரு திரைப்படம் துணை செய்யக்கூடும். 2016-ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று வெளியான 'உட்தா பஞ்சாப்' என்னும் இந்திப் படத்தை அபிஷேக் சௌபே இயக்கினார். சுதீப் சர்மாவும் இயக்குநரும் இணைந்து எழுதினர். 'பறக்கும் பஞ்சாப்' எனப் பொருள்படும் அத்தலைப்பு, போதையில் மிதக்கும் நிலையையும் குறிக்கும் இரு பொருட் சொல்லாட்சியாகும். படம் எழுப்பிய அரசியல் சர்ச்சைகள் ஓய்ந்துவிட்டன. அது எழுப்பிய சமூகக் கேள்விகளோ ஓயவில்லை. அக்கேள்விகளை மருத்துவம், புள்ளிவிவரம், சட்டம் ஆகியவற்றின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு மனிதர்கள், நான்கு கண்ணிகள்

இரவு நேரம். எல்லைக்கு அப்பால் ஒருவன், வட்டெறியும் விளையாட்டு வீரனைப் போல் உடலைச் சுழற்றி, ஒரு பொட்டலத்தை இந்தியப் பக்கத்து வயலுக்குள் வீசுகிறான். அதில் இருப்பது மூன்று கிலோ ஹெராயின். படத்தின் தொடக்கக் காட்சி இதுவே. உடல் வலிமைக்கும் விளையாட்டுத் திறனுக்கும் அடையாளமான ஓர் அசைவு அழிவைச் சுமந்து வருவதை அக்காட்சி ஒரு சொல்லும் இன்றி உணர்த்திவிடுகிறது.

அப்பொட்டலம், பீகாரிலிருந்து வந்து வயலில் கூலி வேலை செய்யும் ஓர் இளம்பெண்ணின் கையில் கிடைக்கிறது. ஆலியா பட் ஏற்று நடித்த இப்பெண்ணின் பெயர் படம் முழுவதும் சொல்லப்படுவதில்லை. ஒரு காலத்தில் ஹாக்கி ஆடியவள். வறுமை அவளது மட்டையைப் பறித்துக் கதிர் அரிவாளைக் கொடுத்தது. பொட்டலத்தை விற்றால் வாழ்வு மாறும் என எண்ணுகிறாள். ஆபத்தை உணர்ந்ததும் அதைக் கிணற்றில் கொட்டிவிடுகிறாள். கடத்தல்காரர்களிடம் சிக்கி அறையொன்றில் அடைக்கப்பட்டு, வலுக்கட்டாயமாக ஊசி ஏற்றப்பட்டு, சொல்லொணாக் கொடுமைகளுக்கு ஆளாகிறாள். தான் விரும்பாமலே போதைக்கு உள்ளாக்கப்பட்டவள் அவள்.

இரண்டாமவர் டாமி சிங் என்னும் பாடகர் (ஷாஹித் கபூர்). போதையைப் புகழ்ந்து பாடிப் புகழும் செல்வமும் ஈட்டியவர், தாமும் அதில் மூழ்கியவர். கைதாகிச் சிறை செல்லும்போது, தம் பாடல்களை வழிபடும் இரு இளைஞர்களைச் சந்திக்கிறார். போதைக்குப் பணம் தராத தாயைக் கொன்றுவிட்டு வந்தவர்கள் அவர்கள். தம் புகழின் மறுபக்கத்தை அன்றே அவர் முதன்முறையாகக் காண்கிறார்.

மூன்றாமவர் சர்தாஜ் சிங் (தில்ஜித் தோசாஞ்சு). கையூட்டுப் பெற்றுக்கொண்டு போதைப் பொருள் ஏற்றிய லாரிகளைச் சோதனைச் சாவடியில் போகவிடும் காவல் துறை உதவி ஆய்வாளர். தாம் விடுவித்த சரக்கு தம் வீட்டிற்கே வந்து சேர்ந்து, தம்பி பல்லியின் நரம்பில் ஏறிய நாளில்தான் அவர் விழித்துக்கொள்கிறார்.

நான்காமவர் மருத்துவர் பிரீத் சாஹ்னி (கரீனா கபூர்). பழக்கத்திற்கு ஆளானோருக்குச் சிகிச்சை அளிப்பதோடு, சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் சர்தாஜுடன் சேர்ந்து துப்பறிகிறார். தடயங்கள் மருந்து உற்பத்தியையும் அரசியல் செல்வாக்கையும் நோக்கிச் செல்கின்றன. ஆனால் அவர் உயிரைப் பறிப்பது அந்தச் செல்வாக்கன்று. மையத்திலிருந்து தப்பியோட முயலும் பல்லி, தடுக்க வந்த மருத்துவரைக் குத்திவிடுகிறான். தன்னைக் காப்பாற்ற வந்தவரையே கொல்லும் அச்சிறுவனின் முகம் படத்தின் மிகப் பெரிய துயரமாகும்.

கூர்ந்து நோக்கின், இந்நால்வரும் ஒரு சங்கிலியின் நான்கு கண்ணிகள் என்பது புலப்படும். பெண்ணின் கதை, சரக்கு ஏழையின் கைவழியே பயணப்படுவதைக் காட்டுகிறது. பாடகரின் கதை, தேவை எவ்வாறு வளர்க்கப்படுகிறது என்பதைக் கூறுகிறது. காவலரின் கதை சட்டத்தின் ஓட்டையையும், மருத்துவரின் கதை சிகிச்சையின் தனிமையையும் சுட்டுகின்றன. ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத இவர்களை ஒரே பொருள் கட்டிப்போட்டிருக்கிறது.

1971 முதல் 2016 வரை

இந்தித் திரையுலகம் போதையைப் பேசுவது இது முதன்முறையன்று. 1971-இல் தேவ் ஆனந்த் இயக்கிய 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' பெரும் வரவேற்பைப் பெற்றது. பெற்றோரின் பிரிவினால் வீட்டைத் துறந்த பெண், காத்மாண்டுவில் ஹிப்பிகளிடையே போதையில் திளைப்பதையும், தேடி வரும் அண்ணன் முன்னிலையில் அவள் வாழ்வு முடிவதையும் அப்படம் சித்திரித்தது. போதை என்பது வெளிநாட்டவர் கொணர்ந்த பழக்கம், சிதைந்த குடும்பத்தின் விளைவு, தொலைவான ஒரு நகரில் நிகழ்வது என்னும் எண்ணமே அதில் மேலோங்கி நின்றது.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த படத்தில் போதை தொலைவில் இல்லை. கோதுமை வயலிலும், கல்லூரி மாணவனின் பையிலும், மருந்துக் கடை அலமாரியிலும், காவல் சாவடியிலும் இருக்கிறது. பசுமைப் புரட்சியின் முன்னோடி மாநிலம் எனப் பாடநூல்களில் நாம் படித்த மண்ணிலேயே அது வேரூன்றியிருக்கிறது. பொருளாதார வளர்ச்சி மட்டுமே இத்தீமைக்கு அரணாகாது என்பது இவ்விரு படங்களையும் ஒருசேர நோக்கும்போது கிடைக்கும் முதல் பாடம்.

படம் வெளியாவதற்கு முன்பே அதன் மீது சர்ச்சை எழுந்தது. பஞ்சாப் என்னும் பெயரை நீக்குவது உட்படப் பல வெட்டுகளைத் தணிக்கை அமைப்பு கோரியது. தயாரிப்பாளர்கள் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2016 ஜூன் 13 அன்று நீதிமன்றம், ஒரே ஒரு வெட்டுடனும் திருத்திய பொறுப்புத் துறப்பு அறிவிப்புடனும் வயது வந்தோருக்கான சான்றிதழ் வழங்குமாறு பணித்தது. ஒரு மாநிலத்தின் நற்பெயரைக் காப்பது முக்கியமே. ஆனால் நோயின் பெயரை உரைப்பதால் நோயாளிக்கு இழுக்கு நேர்வதில்லை.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

பல்லி ஏன் தன்னைக் காப்பாற்றுபவரையே தாக்குகிறான்? ஒழுக்கக் குறைவு என்று கூறிவிடுவது எளிது. ஆனால் உடலியல் தரும் விளக்கம் வேறு.

ஹெராயின், அபின், மார்ஃபின் ஆகியவையும், வலி நீக்கவும் இருமல் அடக்கவும் தரப்படும் சில மருந்துகளும் அபினி வகையைச் சேர்ந்தவை. மூளையில் இயற்கையாகவே சுரக்கும் வலியடக்கும் பொருட்களுக்கென அமைந்த ஏற்பிகளில் இவை சென்று ஒட்டிக்கொள்கின்றன. வலி மறைகிறது. மகிழ்ச்சியோடு தொடர்புடைய டோபமைன் என்னும் பொருள் இயல்புக்கு மிஞ்சிப் பெருகுகிறது. மீண்டும் மீண்டும் இது நிகழும்போது மூளை தன்னை மாற்றியமைத்துக் கொள்கிறது. முதலில் போதுமாக இருந்த அளவு பின்னர் போதுவதில்லை. இதுவே தாங்குதிறன் எனப்படும்.

அடுத்த கட்டத்தில், பொருள் இல்லாவிடில் உடல் இயங்க மறுக்கிறது. ஹெராயினை நிறுத்திய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் உபாதைகள் தொடங்குகின்றன. வியர்வை, மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல், தசை வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, தாங்கொணாப் பதற்றம் ஆகியவை ஒன்று முதல் மூன்று நாட்களில் உச்சத்தை அடைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணிகின்றன. இந்நிலையை அடைந்தவர் பெரும்பாலும் இன்பத்திற்காகப் போதைப் பொருளைத் தேடுவதில்லை. வேதனையிலிருந்து தப்புவதற்காகவே தேடுகிறார். வீட்டுப் பொருட்கள் விற்பனையாவதும், பொய் பெருகுவதும், கை ஓங்குவதும் இக்கட்டத்தில்தான்.

பலரும் அறியாத ஆபத்து ஒன்று இதற்குப் பின் காத்திருக்கிறது. சில வாரங்கள் போதைப் பொருளைத் தொடாமலிருந்தவரின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. அவர் மீண்டும் பழைய அளவை எடுத்துக்கொண்டால் மூச்சு அடங்கி உயிரிழக்க நேரிடும். சிறையிலிருந்தோ, குறுகிய காலச் சிகிச்சையிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை எனக் கருதப்படுவதன் காரணம் இதுவே. ஆகவே உடலிலிருந்து நஞ்சை நீக்குவது சிகிச்சையின் தொடக்கமேயன்றி முடிவன்று.

எண்கள் கூறுவதும், எண்கள் கூறாததும்

சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. சுமார் இரண்டு லட்சம் குடும்பங்களில் 4,73,569 பேரிடம் விவரம் திரட்டப்பட்டது. 10 முதல் 75 வயது வரையிலான மக்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துவோர். கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3.1 கோடி. அபினி வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி. இவர்களுள் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு உதவி தேவை என ஆய்வு மதிப்பிட்டது. ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம்.

அபினி வகைகளுள் ஹெராயினின் பங்கு கவனத்திற்குரியது. மக்கள் தொகையில் 1.14 விழுக்காட்டினர் ஹெராயினையும், 0.96 விழுக்காட்டினர் மருந்து வடிவிலான அபினிகளையும், 0.52 விழுக்காட்டினர் மரபு வழி அபினையும் பயன்படுத்துவதாக அறியப்பட்டது. மென்மையான மரபு வழிப் பொருளை விடக் கொடிய ஹெராயின் பரவலாகிவிட்டது என்பதே இதன் பொருள். விகிதாசார அடிப்படையில் மிசோரம், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம், சிக்கிம், மணிப்பூர் ஆகிய வடகிழக்கு மாநிலங்களும், பஞ்சாப், அரியானா, தில்லி ஆகியவையும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவை. எனவே இதனை ஒரு மாநிலத்தின் பழியாக மட்டும் கருதுவது பொருந்தாது.

பஞ்சாபின் நிலை பற்றி 2015-இல் பத்து மாவட்டங்களில் ஒரு தனி ஆய்வு நடைபெற்றது. அபினி வகைகளைச் சார்ந்து வாழ்வோர் அம்மாநிலத்தில் ஏறத்தாழ 2.32 லட்சம் பேர் என அது மதிப்பிட்டது. இவர்களில் 76 விழுக்காட்டினர் 18 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்கள். 99 விழுக்காட்டினர் ஆண்கள். 89 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றவர்கள். 53 விழுக்காட்டினர் ஹெராயினையே நாடினர். வேலையற்றோரும் கல்லாதோருமே போதைக்கு ஆளாவர் என்னும் பொதுவான எண்ணத்தை இவ்விவரங்கள் தகர்க்கின்றன.

மாணவர்கள் இங்கு ஒரு நுட்பத்தை அறிதல் நலம். அந்நாட்களில் பஞ்சாபின் இளைஞர்களில் பத்தில் ஏழு பேர் போதைக்கு ஆளானவர்கள் என்னும் கூற்று மேடைகளில் வழங்கி வந்தது. போதைக்கு ஆளானோரில் 76 விழுக்காட்டினர் இளைஞர் என்பது வேறு. இளைஞரில் 76 விழுக்காட்டினர் போதைக்கு ஆளானோர் என்பது முற்றிலும் வேறு. விழுக்காடு எதனுடைய விழுக்காடு என்று கேளாமல் எண்ணை எடுத்தாளுவது, பிரச்சினையைப் பெரிதாக்குவதோடு ஒரு தலைமுறையையே இழிவுபடுத்தவும் செய்யும்.

ஆனால் அவ்வாய்வின் மிகவும் வருந்தத்தக்க முடிவு வேறொன்று. ஆய்வுக்கு உட்பட்டோரில் 80 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் பழக்கத்தைக் கைவிட முயன்றிருந்தனர். அவர்களுக்கு உதவி கிடைத்ததோ சுமார் 35 விழுக்காட்டினருக்குத்தான். திருந்த மனமில்லாதவர்கள் என்று சமூகம் ஒதுக்கியவர்கள், உண்மையில் கதவைத் தட்டிக்கொண்டு நின்றவர்கள். கதவு திறக்கப்படவில்லை.

சரக்கு வரும் வழிகள்

பஞ்சாபிற்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான எல்லை ஏறத்தாழ 553 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஆப்கானிஸ்தான், ஈரான், பாகிஸ்தான் ஆகியவற்றை உள்ளடக்கிய 'பொற்பிறை'ப் பகுதியிலிருந்து வரும் ஹெராயினுக்கு அது ஒரு வாயிலாக அமைந்தது. படத்தில் கையால் வீசப்பட்ட பொட்டலம், 2019 முதல் ஆளில்லாச் சிறு விமானங்களில் வரத் தொடங்கியது. 2022 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் தாலிபான் ஆட்சி கசகசாச் செடி சாகுபடியைத் தடை செய்தது. 2023-இல் அங்கு சாகுபடிப் பரப்பு 95 விழுக்காடு குறைந்ததாக ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் அறிவித்தது. அதே ஆண்டில் மியான்மர் உலகின் மிகப் பெரிய அபின் உற்பத்தி நாடாயிற்று. ஓரிடத்தில் அடைத்தால் மற்றோரிடத்தில் பீறிடும் இயல்பு இவ்வணிகத்திற்கு உண்டு.

எல்லை ஒன்றே வழியன்று. உள்நாட்டில் தயாராகும் மருந்துகளும் திசைமாறிச் செல்கின்றன. படத்தில் பல்லியை வீழ்த்துவது எல்லை தாண்டி வந்த பொருளன்று, மருந்து வடிவில் வந்த போதையே. இதனைத் தடுக்கத் துப்பாக்கி ஏந்திய காவலரை விட, கணக்கேடுகளைக் கவனமாகப் பார்க்கும் மருந்து ஆய்வாளரே இன்றியமையாதவர்.

சட்டத்தின் இரு முகங்கள்

1857, 1878 ஆண்டுகளின் அபின் சட்டங்களும், 1930-ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டமுமே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன. இவற்றை நீக்கிவிட்டு, போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில், சிறு அளவுக்கு மேற்பட்ட எதற்கும் குறைந்தது பத்தாண்டுச் சிறை என்றிருந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தம், சிறு அளவு, வணிக அளவு, இடைப்பட்ட அளவு எனத் தண்டனையைப் பகுத்தது. ஹெராயினைப் பொறுத்தவரை 5 கிராமுக்குக் குறைவானது சிறு அளவு. 250 கிராமுக்கு மேற்பட்டது வணிக அளவு. வணிக அளவு குற்றத்திற்குப் பத்து முதல் இருபது ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் அபராதமும் உண்டு. 37-வது பிரிவு பிணையை மிகவும் அரிதாக்குகிறது.

படத்தின் பீகார்ப் பெண்ணை இச்சட்டத்தின் முன் நிறுத்திப் பார்ப்போம். அவள் கையிலிருந்த மூன்று கிலோ, வணிக அளவைப் போல் பன்னிரு மடங்கு. தராசு பொருளின் எடையை நிறுக்கும். அதைச் சுமந்தவளின் வறுமையையும் அறியாமையையும் நிறுக்காது. பொட்டலத்தை வீசியவனும் அதற்காகக் காத்திருந்தவனும் தொலைவில் நிற்க, கையில் பொருளுடன் நிற்பவரே முதலில் அகப்படுவர். புலனாய்வு அதிகாரி ஒவ்வொருவரும் கைதோடு நின்றுவிடாமல் பொருள் எங்கிருந்து எங்கே சென்றது என்று பின்தொடர வேண்டியதன் தேவையை இது வலியுறுத்துகிறது.

இதே சட்டத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. பயன்படுத்துவதே குற்றம் என 27-வது பிரிவு கூறினும், தாமாகவே முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு, பயன்படுத்திய குற்றத்திற்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்திற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது 64-ஏ பிரிவு. இத்தகைய குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப 39-வது பிரிவு நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. சிகிச்சை மையங்களை அரசு நிறுவ 71-வது பிரிவு வகை செய்கிறது. அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு காட்டிய சுகாதார நோக்கு இப்பிரிவுகளில் உயிரோடிருக்கிறது. தண்டிக்கும் பிரிவுகளை அறிந்த அளவிற்கு இப்பிரிவுகளை நமது அலுவலர்களும் பெற்றோரும் அறிந்திருப்பார்களேயானால், சிகிச்சையை நாடிச் செல்வோரின் அச்சம் பெரிதும் நீங்கும்.

படம் காட்டாத மருத்துவம்

படத்தில் சிகிச்சை என்பது பூட்டிய அறையாகவும், தனியொரு மருத்துவரின் தியாகமாகவும் தோன்றுகிறது. நாடகச் சுவைக்கு அது பொருந்தலாம். ஆனால் பார்ப்போர் மனத்தில் சிகிச்சை வீண் என்னும் எண்ணத்தை அது விதைத்துவிடக் கூடாது.

அபினி வகைச் சார்புக்கு நன்கு சோதிக்கப்பட்ட மருத்துவ முறைகள் உள்ளன. புப்ரினார்ஃபின் என்னும் மருந்து, ஹெராயின் ஒட்டிக்கொள்ளும் அதே ஏற்பிகளில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அரைகுறையாகவே அவற்றைத் தூண்டுகிறது. உபாதைகளும் வேட்கையும் தணிகின்றன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அதன் விளைவு கூடுவதில்லையாதலால் மூச்சு அடங்கும் ஆபத்தும் குறைவு. அதனுடன் நாலாக்சோன் என்னும் மாற்று மருந்து சேர்க்கப்படுகிறது. நாவின் அடியில் வைத்துக்கொள்ளும்போது நாலாக்சோன் ஏறக்குறையச் செயலற்றிருக்கும். கரைத்து ஊசியாக ஏற்றினாலோ உபாதைகளைத் தூண்டிவிடும். மருந்தே போதையாகாமல் காக்கும் ஏற்பாடு இது. பஞ்சாப் அரசு 2018 அக்டோபரில் புறநோயாளி முறையில் இம்மருந்தை வழங்கும் சிகிச்சையகங்களைத் தொடங்கியது. நோயாளி வீட்டில் வாழ்ந்துகொண்டே, வேலைக்குச் சென்றுகொண்டே சிகிச்சை பெற இது வழி வகுத்தது.

ஒரு போதைக்குப் பதில் மற்றொன்றா என்னும் ஐயம் எழுவது இயல்பு. நீரிழிவு உடையவர் நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்வதை நாம் பழக்கம் என்று இகழ்வதில்லை. நெடுநாள் நீடிக்கும் நோய்க்கு நெடுநாள் மருந்து தேவைப்படலாம். களவும் அச்சமும் இன்றி ஒருவர் வயலுக்கோ பணிமனைக்கோ சென்று திரும்புவாரானால், சிகிச்சை தன் நோக்கத்தை அடைந்ததாகக் கொள்ள வேண்டும்.

ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் பரவும் நோய்களையும் இங்கு குறிப்பிட வேண்டும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2017-ஆம் ஆண்டு விவரப்படி, வயது வந்தோரில் எச்.ஐ.வி. பாதிப்பு 0.22 விழுக்காடு. ஊசி மூலம் போதை ஏற்றுவோரிடையே அது 6.26 விழுக்காடு. தூய்மையான ஊசி வழங்கும் திட்டங்கள் போதையை ஊக்குவிப்பன அல்ல. பழக்கத்திலிருந்து மீளும் நாள் வரும்வரை ஒருவரை உயிரோடு வைத்திருப்பன.

இத்தனை வழிகள் இருந்தும் அவை எட்டும் தூரம் குறைவு. 2019-ஆம் ஆண்டு நாடளாவிய ஆய்வின்படி, சட்ட விரோதப் போதைப் பொருட்களைச் சார்ந்திருப்போரில் நால்வரில் ஒருவரே எக்காலத்திலேனும் சிகிச்சை பெற்றிருந்தார். மதுவைச் சார்ந்திருப்போரிலோ 38 பேரில் ஒருவரே.

செய்ய வேண்டுவன

2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களில் தொடங்கப்பட்ட 'நஷா முக்த் பாரத்' இயக்கமும், 14446 என்னும் இலவசத் தொலைபேசி உதவி எண்ணும் நல்ல முயற்சிகள். இவை பயன் தர வேண்டுமாயின், களத்தில் உள்ளோர் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, அச்சுறுத்தும் பிரசாரத்தோடு நின்றுவிடலாகாது. மண்டையோட்டுப் படம் இன்னும் தொடாதவரை ஒருகால் தடுக்கலாம். தொட்டுவிட்டவருக்கு அது வழி காட்டாது. ஒவ்வொரு விளம்பரப் பலகையிலும் அண்மையிலுள்ள சிகிச்சையகத்தின் முகவரி இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, மாவட்ட மருத்துவமனையின் பிற நோயாளிகளோடு இவர்களும் வரிசையில் நிற்கும் நிலை உருவாக வேண்டும். தனித்து ஒதுக்கிய கட்டிடம் அவமானத்தின் சின்னமாகிவிடும்.

மூன்றாவது, ஆசிரியர்களும் ஊராட்சித் தலைவர்களும் சமூக நலப் பணியாளர்களும் தொடக்க அறிகுறிகளை அறியப் பயிற்சி பெற வேண்டும். படிப்பில் திடீர்த் தொய்வு, விளையாட்டைக் கைவிடுதல், பழைய நண்பர்களைத் தவிர்த்தல், வீட்டில் பணம் குறைதல் ஆகியவற்றைக் கண்டதும் தண்டனைக்கு முன் உரையாடல் நிகழ வேண்டும்.

நான்காவது, மீண்டு வந்தோருக்கு வேலை வாய்ப்பு. கையில் தொழிலும் மாலையில் ஆடுகளமும் இல்லாத ஊருக்குத் திரும்புபவர் பழைய நண்பர்களிடமே திரும்புவார். தொழிற்பயிற்சியும் விளையாட்டும் போதைத் தடுப்புத் திட்டத்தின் உறுப்புகளேயன்றி அதன் அணிகலன்கள் அல்ல.

ஐந்தாவது, சொற்கள். 'போதை அடிமை' என்னும் சொல் நம் அலுவலகக் கோப்புகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அடிமை என்று முத்திரை குத்தப்பட்டவர் தம்மை மீட்டுக்கொள்ளும் ஆற்றலையும் இழந்தவராகிவிடுகிறார். 'சார்பு நோய்க்கு ஆளானவர்' எனக் கூறுவதில் ஓரிரு சொற்கள் கூடலாம். ஆனால் ஒரு மனிதர் குறையாமல் இருப்பார்.

முடிவுரை

அடைபட்ட அறையின் சாளரத்தின் வழியே அந்தப் பெண் கோவாவின் கடற்கரையைக் காட்டும் விளம்பரப் பலகை ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். படத்தின் இறுதியில் அவள் அங்குதான் இருக்கிறாள். கொடுமைகளைக் கடந்து, போதையையும் கடந்து, கடலோரத்தில் நிற்கிறாள். பல்லிக்கு அவ்வாய்ப்புக் கிடைக்கவில்லை. மருத்துவர் பிரீத்துக்கும் கிடைக்கவில்லை. கனவுகள் சிதைந்தன என்பதோடு படம் நின்றிருந்தால் அது எச்சரிக்கையாக மட்டும் இருந்திருக்கும். ஒருத்தி மீண்டாள் என்பதால் அது நமக்கு ஒரு பணியையும் விட்டுச் செல்கிறது.

அவள் தற்செயலாகத் தப்பினாள். நாட்டில் உதவி வேண்டி நிற்கும் 77 லட்சம் பேரைத் தற்செயலிடம் ஒப்படைக்க இயலாது. கைவிட முயன்று உதவியின்றித் திரும்பிய ஒவ்வொருவருக்கும், அடுத்த முறை அவர் தட்டும்போது, திறந்த கதவும் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு மனிதரும் காத்திருக்கச் செய்ய வேண்டும். 47-வது பிரிவின் கட்டளையை நிறைவேற்றுவது என்பதன் பொருள் இதுவேயாகும்.